ஒத்திகை முடியும் வரை

வன்முறைத் தடுப்பு இயக்ககத்தில் மாதத்துக்கு ஒரு நாள் எல்லாம் ஒழுங்காக நடக்கும். முதல் புதன்கிழமை காலை பத்து மணிக்கு மணிக்காரம்மா மாடிப்படித் திருப்பத்தில் தொங்கும் பித்தளை மணியை அடிப்பாள். நாலாவது நிமிடம் மீட்பு வண்டி எங்கே போக வேண்டுமோ அங்கே நிற்கும். டாக்டர் குதித்து இறங்குவார். அடிபட்டவளாகப் படுத்திருக்கும் டைப்பிஸ்ட்டை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். மூன்றாம் மாடியில் காப்பகத்தின் பூட்டு திறக்கும். பன்னிரண்டு கட்டில், பன்னிரண்டு வெள்ளை விரிப்பு, சுடச்சுட சாப்பாடு. வாசலில் காவலாளி யாரையும் உள்ளே விட மாட்டான். சாயங்காலம் ஐந்து மணிக்கு மறுபடியும் மணி. டைப்பிஸ்ட் நெற்றியில் ரத்தமாகப் பூசியிருந்த உதட்டுச்சாயத்தைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவாள். விரிப்புகளைச் சுருட்டி வைத்துக் காப்பகத்தைப் பூட்டுவார்கள்.

மற்ற நாட்களில் பதிவேடு மட்டும் திறந்திருக்கும்.

ஏழு வருஷத்துக்கு முன் இங்கே வந்த இயக்குநர் அதற்கு முன் தீயணைப்புத் துறையில் இருந்தவர். கட்டடமும் அந்தத் துறையுடையதுதான். மணியும் அப்படியே. கைமாறிய சாமான் பட்டியலில், "மணி ஒன்று, மணி அடிப்பவர் ஒன்று, மேசை பதினாறு" என்று எழுதியிருந்தது. மணிக்காரம்மா இயக்ககத்துக்கு வந்த வழி அதுதான். டீ போடுவாள், கோப்பு தூக்குவாள், மணியைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பாள். பத்தொன்பது வருஷம் ஆயிற்று.

இயக்குநர் திங்கட்கிழமை தோறும் ஊழியர்களுக்கு உரையாற்றுவார். உரை ஒன்றுதான். திங்கட்கிழமைகள்தான் பல.

"தீ பிடிக்க மூணு வேணும். எரிபொருள், காற்று, பொறி. வீட்டு வன்முறைக்கும் அதே மூணுதான். பொறி யாரு? ஆண். அது பறந்துக்கிட்டேதான் இருக்கும், அதோட சுபாவம், நாம ஒண்ணும் பண்ண முடியாது. காற்று யாரு? அக்கம்பக்கம். அதையும் நிறுத்த முடியாது. மிச்சம்?"

"எரிபொருள் சார்," என்பார் பயிற்சி அதிகாரி.

"எரிபொருள். அதாவது பெண். அதை அங்கிருந்து அகற்றிட்டோம்னா தீ இல்லை. இவ்வளவுதான் விஷயம். இதைப் போய்ப் பெரிய பெரிய புத்தகமா எழுதி வச்சிருக்காங்க."

பொறியின் தலையில் தண்ணீர் ஊற்றினால் என்ன என்று மணிக்காரம்மாவுக்கு ஒரு தடவை கேட்கத் தோன்றியது. கையில் பதினாறு டீ இருந்தது. ஆறிவிடும் என்று விட்டுவிட்டாள்.

உரையோடு நின்றுவிடவில்லை. வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு ஒரு சிவப்பு வாளி மணலும், "அவசர வெளியேறும் வழி" என்று அம்புக்குறி போட்ட படமும் கொடுத்தார்கள். மணிக்காரம்மாவின் மகள் வீட்டுக்கும் வந்தது. அது ஒரே அறை, ஒரே கதவு. அம்புக்குறி அந்தக் கதவைக் காட்டியது. மாப்பிள்ளை எப்போதும் நாற்காலியை அங்கேதான் போட்டு உட்காருவார்.

மாப்பிள்ளைக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. சுத்தமான ஆள். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் சொந்தப் பேனா. சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. மகள் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வந்திருந்தாள். மேல் தட்டில் இருந்த சர்க்கரை டப்பாவை எடுக்கப் போனவள் கையைப் பாதி தூக்கிவிட்டு இறக்கிக்கொண்டாள்.

"கை என்னடி?"

"சுளுக்கு."

"எத்தனாவது சுளுக்கு இது?"

"எண்ணிக்கிட்டா இருக்கேன்?"

"எண்ணலன்னா நான் எண்ணிச் சொல்லட்டுமா?"

மகள் டப்பாவைப் பார்த்தபடியே சொன்னாள். "கண்ணாடி அறுக்கறப்ப அவரு சொல்வாரும்மா. பலம் எதுக்கு, கோடு எங்க போடணும்னு தெரிஞ்சா போதும், ஒரு தட்டு தட்டினா தானா உடையும்னு. எங்கிட்டயும் அப்படித்தான். வெளிய தெரியற எடத்துல ஒரு கீறல் பார்க்க முடியாது."

"போகாதே. இங்கயே இரு."

"இருந்தா வந்து கூட்டிட்டுப் போவாரு. போன தடவை என்ன ஆச்சு? 'மன்னிச்சுக்கங்க அத்தே, சின்னப் பிரச்சினை'ன்னாரு. உன் கையால சாப்பிட்டாரு. வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசல. கதவைச் சாத்தினப்புறம்தான் பேசினாரு." டப்பாவை எடுக்காமலே வந்து உட்கார்ந்தாள். "உன் ஆபீஸுல சொல்லேம்மா. இதுக்குத்தானே அந்த ஆபீஸு?"

"அங்கயா?"

"வேற எதுக்குத்தான் இருக்கு அது?"

"அதுபாட்டுக்கு இருக்கு," என்றாள் மணிக்காரம்மா. ஆனாலும் மறுநாள் பதிவு எழுத்தரிடம் போய் நின்றாள்.

பதிவு எழுத்தர் கெட்டவர் இல்லை. கட்டம் போட்ட தாளில் கட்டத்துக்குள் எழுதுவதைத் தவிர உலகத்தில் வேறு ஆசை இல்லாதவர்.

"சார், ஒரு புகார் எழுதணும்."

"யாருக்கும்மா?"

"என் மகளுக்கு."

"அடப் பாவமே. உட்காருங்க."

பத்தொன்பது வருஷத்தில் அந்த அலுவலகத்தில் அவளை ஒருவர் உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்தாள். எழுத்தர் பதினொரு கட்டம் கொண்ட படிவத்தை எடுத்தார். ஆறு கட்டம் சரசரவென்று நிரம்பியது. ஏழில் பேனா நின்றது.

"எதிர்த்தரப்பின் ஒப்புதல் கையொப்பம். அவரு வந்திருக்காரா?"

"அவரு எதுக்கு சார்?"

"இவங்க அடிச்சார்னு சொல்றாங்க. அவரும் ஆமான்னு சொன்னாத்தானே அது உண்மை? இல்லன்னா ஒருதலைப்பட்சம் ஆயிடுமே."

"அடிச்சவன் ஆமாம்னு கையெழுத்துப் போடுவானா சார்?"

"இதுவரைக்கும் ஒருத்தரும் போட்டதில்லை," என்றார் எழுத்தர். "அதனாலதான் இந்தப் படிவம் வந்த ஏழு வருஷமா நம்ம வட்டாரத்துல வன்முறை பூஜ்யம்." தலைக்கு மேலிருந்த பலகையைக் காட்டினார். அந்தப் பூஜ்யம் அவர் கையால் போட்டது. காம்பஸ் வைத்துப் போட்டிருந்தார்.

"டைப்பிஸ்ட்டம்மாவை மட்டும் நாலு நிமிஷத்துல தூக்கிட்டு வர்றீங்களே. அவங்க படிவம் எழுதறதே இல்லையே?"

"ஒத்திகைக்கு எதுக்கும்மா படிவம்? அதுதான் நிஜமில்லையே."

படிவம் பதிவுத் தபாலில் மாப்பிள்ளைக்குப் போயிற்று. விதி அப்படி. வேண்டாம் சார் என்று மணிக்காரம்மா சொல்லிப் பார்த்தாள். ஆறு கட்டம் நிரம்பிய படிவத்தைக் கிழிக்க எந்த விதியும் இல்லை.

நாலாம் நாள் மாப்பிள்ளை நேரிலேயே வந்தார். வரும் வழியில் காவலாளிக்கு வணக்கம், டைப்பிஸ்ட்டுக்கு வணக்கம். ஏழாம் கட்டத்தில் சொந்தப் பேனாவால் எழுதினார்: "இப்படி ஒன்றும் நடக்கவில்லை. எனினும் இயக்ககத்தின் அக்கறைக்கு என் நன்றி."

விஷயம் கேள்விப்பட்டு இயக்குநரே வெளியே வந்துவிட்டார். எதிர்த்தரப்பு ஒருவர் தானாக நடந்து வந்தது ஏழு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இவரை மாதிரி ஆளுங்க இருக்கறப்ப நாம ஏன்யா கவலைப்படறோம்? சான்றிதழ் எடுத்துட்டு வாங்க."

'ஒத்துழைத்த கணவர்' என்று தங்க எழுத்தில் ஒரு சான்றிதழ் இருந்தது. அச்சடித்த ஐநூறும் அப்படியே கட்டாகக் கிடந்தன. முதலாவதைப் பிரித்துக் கொடுத்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். கையில் டீத்தட்டு இருந்ததால் மணிக்காரம்மாவால் தட்ட முடியவில்லை.

மாப்பிள்ளை டம்ளரை எடுத்துக்கொண்டார். "டீ நல்லா இருக்கு அத்தே," என்றார். பிறகு இன்னும் மெதுவாக, "வீட்டு விஷயத்தை வீட்டுலயே பேசியிருக்கலாமே அத்தே."

மூன்று நாளாக மகள் வேலைக்கு வரவில்லை என்று சலவைக் கடைக்காரர் போன் செய்தார். மணிக்காரம்மா மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓடினாள். மகள் சுவரோரமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கட்டிலுக்கு மேலே சான்றிதழ் தொங்கியது. ஓரம் தீட்டிய உயர்ந்த கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்திருந்தார் மாப்பிள்ளை. தொழில் தெரிந்தவர்.

"அதுக்குக் கீழ நிக்க வச்சாரும்மா. படின்னாரு. படிச்சேன். ஒவ்வொரு வரி முடிஞ்சதும்..." மகள் நிறுத்திக்கொண்டாள். "பெரிய சான்றிதழும்மா அது. பத்து வரி இருக்கு."

"டாக்டர்கிட்ட போகலாம், எழுந்திரு."

"டாக்டர் எதிர்த்தரப்பு கையெழுத்துக் கேப்பாரா?"

மணிக்காரம்மா சிவப்பு வாளியை நகர்த்திவிட்டு மகளின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். இந்த வீட்டுக்குள் வண்டி வர வேண்டும், டாக்டர் வர வேண்டும், இவளைத் தூக்கிக்கொண்டு போய் மூன்றாம் மாடியில் படுக்க வைத்து வாசலில் ஆள் போட வேண்டும். இத்தனையும் செய்கிற அலுவலகத்தில்தான் அவள் பத்தொன்பது வருஷமாக டீ போடுகிறாள். நிஜமாக இருக்கக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை.

அந்த வாரமே வழி பிறந்தது. அடுத்த முதல் புதன்கிழமை தலைமை ஆணையர் ஒத்திகையைப் பார்வையிட வருகிறார் என்று கடிதம் வந்தது. டைப்பிஸ்ட் கையை விரித்துவிட்டாள்.

"எனக்கு முதுகு வலி சார். போன மாசம் ஸ்ட்ரெச்சர்ல இருந்து என்னைக் கீழ போட்டீங்க. போட்டதுக்கு மன்னிப்பு கூடக் கேக்கல."

"ஒத்திகையில விழுந்ததுக்கு எதுக்கும்மா மன்னிப்பு?" என்றார் பயிற்சி அதிகாரி.

"நான் நிஜமாத்தான் சார் விழுந்தேன்."

மணிக்காரம்மா கடைசி டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னாள்: "எனக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு இருக்கு சார்."

"நடிப்பாங்களா?"

"நடிக்கத் தெரியாது சார். ஆனா சரியா வரும்."

"வீடு?"

"அவ வீட்டுலயே வச்சுக்கலாம்."

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆறு கட்டம் அவர் கையால் எழுதியதுதானே. மணிக்காரம்மாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே விதிப் புத்தகத்தை எடுத்துப் படித்தார்.

"எல்லாருக்கும் ஒரு தடவை ஞாபகப்படுத்திடறேன் சார். விதி பத்தொன்பது. ஒத்திகை மணியோசையில் தொடங்கி மணியோசையில் முடியும். வேறு எவ்விதத்திலும் முடியாது. விதி இருபது. முடிந்ததும், எடுத்த பொருளையும் ஆளையும் எடுத்த இடத்திலேயே, எடுத்த நிலையிலேயே ஒப்படைத்துப் பெறுபவர் கையொப்பம் வாங்க வேண்டும்."

"பத்தொன்பது நான் எழுதினது," என்றார் இயக்குநர் பெருமையாக. ஒரு பயிற்சி அதிகாரி வாயாலேயே விசிலடித்து ஒத்திகையை மூன்று மணிக்கு முடித்துவிட்டுச் சினிமாவுக்குப் போன காலத்தில் எழுதியது. "சரி, எதிர்த்தரப்பா யாரு நடிக்கறது? அந்தப் பொண்ணுக்குப் புருஷன் இருக்கானா?"

விசாரித்தார்கள். சான்றிதழ் வாங்கியவரேதான் என்று தெரிந்ததும் இயக்குநர் மேசையைத் தட்டினார். "பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரி. அவரையே போடுங்க. நம்பிக்கையான ஆளு."

மணிக்காரம்மா காலி டம்ளர்களைத் தட்டில் அடுக்கினாள். இது அவள் கணக்கில் இல்லை.

புதன்கிழமை காலையில் சாம்பல் தொட்டு மணியைத் தேய்த்துவிட்டுப் பத்து மணிக்கு அடித்தாள். பிறகு தானும் வண்டியில் ஏறிக்கொண்டாள். ஆணையருக்கு டீ ஊற்ற ஒரு ஆள் வேண்டியிருந்தது.

தலைமை ஆணையர் ஒரு அம்மாள். கழுத்தில் நேரக்கடிகாரம், கையில் மதிப்பெண் தாள். மகள் வீட்டின் ஒற்றை அறைக்குள் ஒன்பது பேர் அடைசலாக நின்றார்கள்.

"ஆரம்பிக்கலாம்," என்றார் பயிற்சி அதிகாரி. "நீங்க கையை ஓங்கணும் சார். கொஞ்சம் கோபமா."

மாப்பிள்ளை கூச்சமாகச் சிரித்தார். "எனக்கு வராதே சார்."

"பாருங்க மேடம்," என்றார் இயக்குநர். "நடிக்கக் கூட வரல. மனுஷன் அப்படி."

மாப்பிள்ளை கையைத் தூக்க நினைத்தார். நினைத்ததுதான். தோள் அசையும் முன்பே மகள் சுவரோடு ஒட்டி, முழங்கையால் விலாவை மறைத்து, தலையைக் கீழே இறக்கிவிட்டாள்.

"இல்லம்மா, இல்லம்மா," என்றார் பயிற்சி அதிகாரி. "அவசரப்படாதீங்க. அவரு கையைத் தூக்கினப்புறம் பயப்படுங்க. இன்னொரு தடவை."

இன்னொரு தடவையும் அவள் முந்திக்கொண்டாள்.

"அவளுக்குப் பழக்கமில்லை சார்," என்றார் மாப்பிள்ளை.

டாக்டர் குனிந்து விலாவைத் தொட்டார். "மூச்சை இழுங்க. ம். விடுங்க. அட, ரெண்டு எலும்பு தனியா நகருதே. எப்படிம்மா பண்றீங்க இதை? நாடகக் கம்பெனியில இருந்தீங்களா?"

"இஸ்திரி போடறேன்," என்றாள் மகள்.

ஆணையரம்மாள் அருகில் வந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "நானும் ஒரு பெண்தான். அதனால சொல்றேன், இந்தக் காயம் நம்பற மாதிரி இல்லை. மஞ்சளும் பச்சையுமா இருக்கு. நம்ம கதைப்படி அடி இன்னிக்குத்தானே விழுது? அரை மதிப்பெண் குறைக்கிறேன்."

"அது போன வாரத்தது மேடம்," என்றாள் மகள். "இன்னிக்குள்ளது இந்தப் பக்கம்."

திரும்பிக் காட்டினாள். ஆணையரம்மாள் தாளைப் பார்த்தார். "இது பரவாயில்லை. இயற்கையா இருக்கு." அரை மதிப்பெண்ணைத் திரும்பப் போட்டார்.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். இந்தத் தடவை கீழே போடவில்லை. மணிக்காரம்மா ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வண்டி நகர்ந்த பிறகு மகள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்: "எத்தனை மணி வரைக்கும்மா?"

"நீ தூங்கு."

மகள் தூங்கினாள். வெள்ளை விரிப்பில், நடுப்பகலில், வாயைத் திறந்துகொண்டு, சின்ன வயதில் தூங்கியது போல. ஆணையரம்மாள் கட்டிலைச் சுற்றி நடந்து விரிப்பின் மடிப்பை அளந்தபோதும் எழவில்லை. "நல்ல ஈடுபாடு," என்று குறித்துக்கொண்டார்.

நாலே முக்காலுக்கு வெள்ளைச் சட்டை கீழே வாசலில் வந்து நின்றது. பெறுபவர் கையொப்பத்துக்குப் பேனா மூடியைக் கழற்றித் தயாராக வைத்திருந்தார் மாப்பிள்ளை. மணிக்காரம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். பிறகு மாடிப்படித் திருப்பத்துக்குப் போய், துடைக்கிற மாதிரி மணிக்குள் கையை விட்டு, உள்ளே தொங்கும் நாக்கைக் கொக்கியிலிருந்து கழற்றினாள். ஒரு கைப்பிடிக் கனம் இருந்தது. டிபன் பெட்டியில் மத்தியானம் சாப்பிட்ட இடம் காலியாக இருந்தது. வைத்து மூடினாள்.

ஐந்து மணிக்கு எல்லார் முன்னாலும் கயிற்றை இழுத்தாள். கயிறு வந்தது. சத்தம் வரவில்லை.

"என்னம்மா?" என்றார் இயக்குநர்.

"மணி அடிக்கல சார்."

"ஏன்?"

"உள்ள நாக்கு இல்ல சார்."

"எங்க போச்சு?"

"காலையில அடிச்சப்ப இருந்துச்சு சார்."

இத்தனையும் சத்தியம். பயிற்சி அதிகாரி, "ஒரு கரண்டியால தட்டுங்களேன்," என்றார்.

"கரண்டி விதியில இல்லை சார்," என்றார் எழுத்தர். அவர் யாரையும் பார்க்கவில்லை. புத்தகத்தைப் பார்த்தே சொன்னார்.

"அப்ப ஒத்திகை முடியலையா?" என்று கேட்டார் ஆணையரம்மாள்.

இயக்குநர் தீயணைப்பில் முப்பது வருஷம் இருந்தவர். புகை வந்தால் எந்த ஜன்னலில் குதிப்பது என்று தெரியும். "முடியாது மேடம். திட்டமே அதுதான். வன்முறை என்ன அஞ்சு மணிக்கு ஆபீஸை மூடிட்டு வீட்டுக்கா போகுது? இது தொடர் ஒத்திகை. எங்கயும் கிடையாது. நாமதான் முதல்ல."

"புதுமையா இருக்கே," என்று எழுதிக்கொண்டார் ஆணையரம்மாள். எல்லாரும் கை தட்டினார்கள். இந்தத் தடவை மணிக்காரம்மாவும் தட்டினாள்.

வாசலில் காவலாளி கையை நீட்டித் தடுத்தான். "மணி அடிக்கல சார். அடிச்சாத்தான் விட முடியும்."

மாப்பிள்ளை ஆறு மணி வரை நின்றார். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. பிறகு பேனாவை மூடிக்கொண்டு போனார்.

மணிக்கு நாக்கு வாங்க மூன்று கடைகளில் விலைப்புள்ளி கேட்க வேண்டும். மணி தனியாக, நாக்கு தனியாக எந்தக் கடையும் விற்பதில்லை. முழு மணியாக வாங்கலாமா என்று மேலிடத்துக்கு எழுதினார்கள். பழைய மணியின் ஓசை என்ன சுருதி என்று மேலிடம் கேட்டது. அடித்துக் காட்ட நாக்கில்லை என்று பதில் போயிற்று. எழுத்தர் ஒரு கடிதத்தையும் தாமதிக்கவில்லை. ஒவ்வொன்றையும் முறைப்படி, கட்டத்துக்குள், அழகாக எழுதினார். மாதங்கள் போயின.

தொடர் ஒத்திகையைப் பார்க்க வெளியூர்களிலிருந்தெல்லாம் குழுக்கள் வந்தன. அதற்குள் மகளின் விலா கூடிவிட்டது, காயம் ஆறிவிட்டது. ஆறிய காயத்தைக் காட்டினால் எப்படி? டைப்பிஸ்ட் தினமும் காலையில் வந்து மகளுக்கு வர்ணம் பூசினாள்.

"இன்னிக்கு எந்தப் பக்கம் அக்கா?" என்பாள் மகள்.

"இடது. வெளியூர்க்காரங்க அந்தப் பக்கம்தான் உட்காருவாங்களாம்." பூசிக்கொண்டே ஒரு நாள் டைப்பிஸ்ட் கேட்டாள்: "நிஜமா இருந்தப்ப என்ன கலர்ல இருந்துச்சு?"

மகள் சொன்னாள். டைப்பிஸ்ட் கொஞ்ச நேரம் தூரிகையைத் தொடவில்லை.

செய்தி எப்படியோ பரவிற்று. சலவைக் கடை வழியாகத்தான் இருக்கும். ஒரு நாள் கைக்குழந்தையோடு ஒரு தையல்காரி வந்து எழுத்தர் முன்னால் நின்றாள்.

"புகாரா?" என்றார் எழுத்தர்.

"இல்லைங்க. ஒத்திகைக்கு."

"உங்களுக்கு நிஜமா ஏதாவது நடந்திருக்கா?"

தையல்காரி கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டாள். "நிஜமா ஒண்ணும் இல்லைங்க."

"அப்ப மேல போங்க."

பிறகு ஒரு பள்ளிக்கூட டீச்சர். ஒரு பேக்கரிக்காரரின் மருமகள். மூக்குக்கண்ணாடி உடைந்த ஒரு பெரியம்மா. எல்லாரும் நிஜமாக ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு மூன்றாம் மாடிக்கு ஏறினார்கள். பன்னிரண்டு கட்டிலும் நிரம்பின. ஆண்டறிக்கையில், "வன்முறை: பூஜ்யம் (எட்டாம் ஆண்டு). ஒத்திகை: ஒன்று (நடைபெறுகிறது)" என்று இருந்தது. இயக்குநருக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

"எரிபொருளை அகற்றிட்டோம்," என்றார் மேடையில். "தீ தானா அணைஞ்சு போச்சு."

மாப்பிள்ளையும் சும்மா இருக்கவில்லை. ஒரு மனு கொடுத்தார். தன் மனைவி பொதுச் சேவையில் இருப்பதாகவும், தனக்குச் சமைத்துப் போட ஆளில்லை என்றும் மிகவும் பணிவாக எழுதியிருந்தார். இயக்குநர் மனம் உருகி ஒரு கடிதம் கொடுத்தார்: "இவர் இயக்ககத்தால் சான்றளிக்கப்பட்டவர். இவரது மனைவி ஒத்திகையில் இருப்பதால், ஒத்திகை முடியும் வரை இல்லாதவராகக் கருதலாம்." அந்தக் கடிதத்தை எழுத்தர்தான் டைப்பிஸ்ட்டிடம் கொடுத்து அடிக்கச் சொன்னார். டைப்பிஸ்ட்தான் அடித்தாள். மணிக்காரம்மாதான் உறையில் போட்டு ஒட்டினாள். யாருக்கும் படித்துப் பார்க்கத் தோன்றவில்லை. அன்றைக்குக் கடிதங்கள் நிறைய.

எட்டாம் மாதம் ஒரு புதன்கிழமை பார்சல் வந்தது. மேலிடமே தனியாக வார்க்கச் சொல்லி அனுப்பிய புது நாக்கு. இயக்குநருக்கு அதே நாளில் மாற்றல் உத்தரவும் வந்திருந்தது. வெள்ளத் தடுப்புத் துறை, பெரிய பதவி.

"நல்லதாப் போச்சு," என்றார். "கணக்கை நேர் பண்ணிட்டுக் கிளம்பிடறேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு அடிச்சு முடிச்சுடுங்கம்மா. பன்னிரண்டு பேரையும் விதி இருபதுபடி ஒப்படைச்சுடலாம். வீடுகளுக்கு இப்பவே சொல்லி அனுப்பிடறேன்."

மணிக்காரம்மா பார்சலை வாங்கிக்கொண்டு எழுத்தரின் மேசையருகே வந்தாள். பிரித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அப்போதுதான் படியேறி ஒரு பெண் வந்தாள். இருபது வயது இருந்தால் அதிகம். நடக்கும்போது ஒரு முழங்கை விலாவை விட்டு அசையவே இல்லை.

"ஒத்திகைக்கு வந்தேன்," என்றாள். சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். "நிஜமா ஒண்ணும் இல்லை."

"முகவரி?" என்றார் எழுத்தர்.

சொன்னாள். எழுத்தர் தெருவை எழுதினார். வீட்டு எண்ணுக்கு வந்ததும் பேனா நின்றது. கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.

"இந்த முகவரி ஏற்கெனவே இருக்கும்மா," என்றார்.

மணிக்காரம்மா அந்தப் பெண்ணைப் பார்த்தாள். "கட்டிலுக்கு மேல சட்டம் போட்டு ஒண்ணு மாட்டியிருக்கா?"

"ஆமாங்க. சான்றிதழ்." அந்தப் பெண் மாறி மாறி இருவரையும் பார்த்தாள். "அதைப் பார்த்துத்தான் எங்கப்பா சம்மதிச்சாரு. ஆபீஸ் முத்திரை போட்ட கடிதாசியும் காட்டினாங்க. நல்ல எடம்னு."

டைப்பிஸ்ட்டின் மெஷின் சத்தம் நின்றிருந்தது. மேலே பலகையில் பூஜ்யம், கொஞ்சமும் கோணாமல், வட்டமாக இருந்தது.

மணிக்காரம்மா அவளைக் கைப்பிடித்து மூன்றாம் மாடிக்குக் கூட்டிப்போனாள். பன்னிரண்டு கட்டிலிலும் ஆள். மகள் இடது பக்கத்தில் வர்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். வந்தவளின் முழங்கையைத்தான் முதலில் பார்த்தாள், முகத்தைப் பிறகுதான் பார்த்தாள்.

"எத்தனை வரி படிச்சே?" என்று கேட்டாள்.

"பத்தும்," என்றாள் அந்தப் பெண்.

மகள் சுவரோரமாகத் தள்ளி உட்கார்ந்தாள். "வா. ரெண்டு பேர் படுக்கலாம். இந்தப் பக்கம் படுத்தா வலி கம்மியா இருக்கும்."

மணிக்காரம்மா கீழே இறங்கினாள். டிபன் பெட்டியைத் திறந்தாள். எட்டு மாதமாகச் சோற்றுக்கு அடியில் துணி சுற்றிக் கிடக்கும் நாக்கு ஒரு பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. இன்னொன்றுக்கும் இடம் இருந்தது.

"பார்சல்ல என்ன வந்திருக்கும்மா?" என்று கேட்டார் எழுத்தர். மூடிய டிபன் பெட்டி அவர் மேசை மேலேயே இருந்தது.

"காலிப் பெட்டி சார்."

எழுத்தர் 'காலி' என்று கட்டத்துக்குள் எழுதினார். புதுத் தாள் ஒன்றை எடுத்து மேலே தேதி போட்டார். "மூணு விலைப்புள்ளி கேக்கணும்," என்றார். "முதல்ல இருந்து."

ஐந்து மணிக்கு அவள் கயிற்றை இழுத்தாள். சத்தம் வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வாசலில் பன்னிரண்டு வீட்டு ஆண்கள் வரிசையாக நின்றார்கள். முதல் ஆளாக வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளை. காவலாளி நீட்டிய பெறுபவர் கையொப்பத் தாளைக் கையால் ஒதுக்கிவிட்டு, மூடி கழற்றிய பேனாவோடு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஜன்னல் திறந்திருந்ததால் குரல் கேட்டது. எப்போதும் போல மெதுவான, மரியாதையான குரல்தான்.

"எனக்கு ரெண்டு தாள் வேணும்ப்பா. எங்க வீட்டுல இருந்து ரெண்டு பேர்."